நான்கு வரிகளில் அடங்காத நீரிணை

1988ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பான உதவி ஆசிரியராக அப்போது நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைய நாட்டு நிலைமை வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அமைதிகாக்கும் படை. தெற்கில் ஆயுதக் கிளர்ச்சி. உள்நாட்டுச் செய்திகளே பக்கங்களை நிரப்பி வழிந்தன. வெளிநாட்டுச் செய்திகளுக்குக் கிடைத்தது அரைப் பக்கம். விளம்பரம் வந்துவிட்டால் அதுவும் கால் பக்கமாகிவிடும்.

ஓர் இரவு டெலிபிரிண்டர் இயந்திரம் துப்பிய நீண்ட காகிதச் சுருளில் வித்தியாசமானதொரு செய்தி இருந்தது. அலாஸ்காவின் நோம் என்ற சிறு நகரிலிருந்து ஒரு பயணிகள் விமானம் பேரிங் நீரிணையைக் கடந்து சோவியத் ஒன்றியத்தின் புரொவிடேனியா என்ற ஊரில் இறங்கியிருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மூடப்பட்டிருந்த எல்லை அது. விமானத்தில் அலாஸ்கா மாநிலத்தின் ஆளுநரும் அதிகாரிகளும் இருந்தனர். மறுகரையில் உறவினரைக் கொண்ட யூப்பிக் இனப் பழங்குடி மக்களும் இருந்தனர். செய்தி நீளமானது, என்னிடமிருந்த இடமோ பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம். நான்கு வரிகளாகச் சுருக்கினேன். விமானத்தை வைத்துக்கொண்டேன், ஆளுநரை வைத்துக்கொண்டேன், ரீகனையும் கொர்பச்சேவையும் ஒரு சொற்றொடரில் அடக்கினேன். பழங்குடி மக்கள் வெட்டுப்பட்டுப் போயினர்.

எங்கள் காரியாலயத்தில் ஒப்புநோக்குநராக இருந்த முதியவர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். அச்சுப்படியைப் பார்த்தவர் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, பிளேன் போய்ச் சேர்ந்திட்டுது எண்டு போட்டிருக்கிறீர். சரி. ஆனா இறங்கின சனம் என்ன கதைச்சவை எண்டு ஒண்டும் இல்லையே? நாப்பது வருசம் காணாத சனமெல்லோ?”

“இடமில்லை ஐயா” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தமது இருக்கைக்குத் திரும்பினார். அவருடைய மூத்த மகள் குழந்தைகளோடு படகேறி இராமேஸ்வரம் சென்று, மண்டபம் அகதி முகாமில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது அந்த நான்கு வரிகளின் பின்னாலிருந்த கதையை முழுமையாக எழுதிப் பார்க்கிறேன். இப்பக்கத்தில் இடப்பற்றாக்குறை இல்லை.

எங்கள் காரியாலயச் சுவரில் பழைய உலகப் படமொன்று தொங்கியது. அதில் அலாஸ்கா இடது மேல் மூலையிலும் சைபீரியாவின் கிழக்கு முனை வலது மேல் மூலையிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே முழு உலகமும் கிடந்தது. பேரிங் நீரிணையைப் பலர் மனத்தில் பதிக்காமற் போனதற்கு இந்தத் தட்டைப் படமே ஒரு காரணம். ஓர் உலக உருண்டையை எடுத்து வடதுருவம் மேலே தெரியும்படி பிடித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஆசியாவின் டெஷ்னேவ் முனையும் அமெரிக்காவின் வேல்ஸ் இளவரசர் முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இடையிலுள்ள நீர் மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 85 கிலோமீற்றர். ஆழமும் அதிகமில்லை, பெரும்பாலும் 30 முதல் 50 மீற்றர் வரையே. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இவ்விடம் தரையாகவே இருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தது இப்பகுதி வழியாகத்தான்.

நீரிணையின் நடுவே இரண்டு பாறைத் தீவுகள் உள்ளன. பெரிய டயமீட் ரஷ்யாவுக்கும் சிறிய டயமீட் அமெரிக்காவுக்கும் உரியவை. இரண்டுக்கும் இடையே நான்கு கிலோமீற்றர் கூட இல்லை. டென்மார்க்கில் பிறந்து ரஷ்யக் கடற்படையில் பணியாற்றிய விற்றஸ் பேரிங் 1728இல் இவ்வழியே சென்றதால் நீரிணைக்கு அவருடைய பெயர் வந்தது. அவருக்கு 80 ஆண்டுகள் முன்னதாக, 1648இல், செமியோன் டெஷ்னேவ் என்ற கொசாக் இவ்வழியைக் கடந்திருந்தார். இருவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இனுபியாட், யூப்பிக், சுக்சி மக்கள் வால்ரஸ் தோலால் செய்த படகுகளில் இரு கரைக்கும் போய்வந்து, வணிகம் செய்து, சில வேளைகளில் சண்டையிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு அது எல்லையாக இருக்கவில்லை. வேட்டைக்கான கடலாக இருந்தது.

1867இல் ரஷ்யப் பேரரசு அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. உடன்படிக்கையில் எல்லைக்கோடு இரு டயமீட் தீவுகளுக்கும் நடுவே வரையப்பட்டது. சர்வதேச திகதிக்கோடும் அதே இடைவெளியாற் செல்கிறது. சிறிய டயமீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது எதிரே தெரியும் தீவில் திங்கட்கிழமை புலர்ந்துவிட்டிருக்கும். கோடு கீறிய பின்னரும் எண்பது ஆண்டுகள் அம்மக்கள் உறவுக்கும் விருந்துக்கும் அதைத் தாண்டிக்கொண்டிருந்தனர். 1938இல் இரு அரசுகளும் அதற்கென ஓர் ஏற்பாட்டையும் செய்துகொண்டன.

இந்த ஒதுக்குப்புறத்துக்குப் போர் விமானங்கள் பெருந்தொகையாக வந்தது இரண்டாம் உலக மகாயுத்தத்தின் போதுதான்.

1941 ஜூன் 22இல் ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்தினுள் நுழைந்தன. முதல் நாட்களிலேயே ஆயிரக்கணக்கான சோவியத் விமானங்கள் அழிக்கப்பட்டன. அமெரிக்கா அதே ஆண்டு மார்ச்சில் கடன்–குத்தகைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதன் கீழ் சோவியத்துக்கும் ஆயுதங்கள் கொடுக்க முடிவாயிற்று. ஆனால் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? நோர்வேயைச் சுற்றி முர்மான்ஸ்க் செல்லும் கடல்வழியில் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் விமானங்களும் காத்திருந்தன. 1942 ஜூலையில் பீ.கியூ.17 என்ற ஒரே கப்பல் தொடரணியில் மட்டும் 24 வணிகக் கப்பல்கள் மூழ்கின. ஈரான் வழி பாதுகாப்பானது. ஆனால் உலகத்தைப் பாதி சுற்ற வேண்டும். எஞ்சியது வடக்கு. விமானத்தைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவதைவிட, அதை ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்பதே யோசனை.

ஸ்டாலின் உடனே இசையவில்லை. ஜப்பானுடன் அவர் 1941 ஏப்ரலில் நடுநிலைமை ஒப்பந்தம் செய்திருந்தார். அதைச் சீண்ட அவர் விரும்பவில்லை. அமெரிக்க விமானிகள் சைபீரியாவின் மேலாகப் பறந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவதையும் அவர் விரும்பவில்லை. இறுதியில் ஏற்பட்ட இணக்கம் இதுதான்: அமெரிக்கர் அலாஸ்காவின் ஃபெயார்பாங்க்ஸ் நகரிலுள்ள லாட் விமானத்தளம் வரை கொண்டுவருவர், அங்கே சோவியத் விமானிகள் பொறுப்பேற்று நீரிணையைக் கடந்து செல்வர்.

பாதை மொன்ரானாவின் கிரேட் ஃபோல்ஸில் தொடங்கியது. எட்மன்டன், வைற்ஹோர்ஸ் எனக் கனடாவின் காட்டுத் தளங்களில் தங்கித் தங்கி ஃபெயார்பாங்க்ஸ் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். அங்கிருந்து நோம், நீரிணை, சுக்கோட்காவின் உவெல்கால், பின்னர் செய்ம்சான், யாகுட்ஸ்க், கிரென்ஸ்க் வழியாக கிரஸ்னோயார்ஸ்க் வரை இன்னும் 6,000 கிலோமீற்றருக்கு மேல். அலாஸ்கா–சைபீரியா என்ற பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதனை ‘அல்சிப்’ என்று அழைத்தனர். 1942 செப்ரெம்பர் இறுதியில் முதல் தொகுதி ஃபெயார்பாங்க்ஸிலிருந்து புறப்பட்டது. 1945 செப்ரெம்பரில் வழி மூடப்படும் வரை ஏறத்தாழ 8,000 விமானங்கள் இவ்வாறு கைமாறின. எயாரகோப்ரா, கிங்கோப்ரா என்ற போர் விமானங்களே அவற்றில் பெரும்பான்மை. நடுத்தரக் குண்டுவீச்சு விமானங்களும் சீ–47 போக்குவரத்து விமானங்களும் மீதி.

எயாரகோப்ரா விசித்திரமான விமானம். அதன் எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மூக்கில், சுழல் விசிறியின் நடுவால் சுடும் 37 மில்லிமீற்றர் பீரங்கி. ஏறி உட்கார, மோட்டார்க் காரின் கதவு போன்ற கதவு. உயரத்தில் திணறியதால் மேற்கத்திய விமானிகள் அதை விரும்பவில்லை. கிழக்கு முனையிலோ வான்சண்டைகள் பெரும்பாலும் தாழ்வாகவே நடந்தன. அங்கே அது பொருத்தமான ஆயுதமாயிற்று. சோவியத்தின் புகழ்பெற்ற விமானி அலெக்சாந்தர் பொக்ரிஷ்கின் தமது வெற்றிகள் பலவற்றை அவ்வகை விமானத்திலேயே ஈட்டினார். ஒருவர் வேண்டாமென்றது மற்றவருக்கு உதவிற்று.

சோவியத் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் துருவப் பறப்பில் பெயர்பெற்ற இலியா மசுருக். அவர் கையாண்டது அஞ்சலோட்ட முறை. ஒரு படைப்பிரிவு தனது துண்டை மட்டும் பறந்து அடுத்த பிரிவிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, போக்குவரத்து விமானத்தில் ஏறித் திரும்பும். ஒவ்வொருவரும் தத்தம் மலையையும் ஆற்றையும் மட்டும் மனனம் செய்திருந்தாற் போதும். ஒற்றை விமானி கொண்ட போர் விமானங்கள் தாமாக வழி கண்டுபிடிக்க முடியாது. ஒரு குண்டுவீச்சு விமானம் தாய்வாத்துப் போல முன்னே செல்ல, அவை பின்தொடர்ந்தன. முகிலுக்குள் தாயைத் தவறவிட்ட குஞ்சு பெரும்பாலும் திரும்பி வரவில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் அப்பால் இறங்கியது. எண்ணெய் இறுகியது, இறப்பர் கண்ணாடிபோல் உடைந்தது. எதிரி ஒருவனும் சுடாத இவ்வழியில் சோவியத் விமானிகள் மட்டும் நூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமெரிக்கப் பக்கத்திலும் கனடாவின் காடுகளில் விழுந்தோர் பலர்.

நான் வெட்டியெறிந்தது மக்களை என்பதால், இவ்வழியின் ஓரத்திலிருந்த மக்களையும் சொல்லியாக வேண்டும்.

கனடாவின் விமானத்தளங்களை இணைக்க 1942இல் எட்டு மாதங்களில் அலாஸ்கா நெடுஞ்சாலை வெட்டப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படையினர் உழைத்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவர். பொறியியல் அதிசயம் என்று உலகம் புகழ்ந்தது. அதே சாலையால் வந்த தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் யூகொன் பிரதேசப் பழங்குடிக் கிராமங்களைத் தாக்கின. அலாஸ்காவின் கரையோரத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழங்குடியினர் ஊதியமின்றி எல்லைக் காவலர்களாகத் தொண்டாற்றினர். அவர்களை முன்னாள் படைவீரர்களாக ஏற்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.

மறுகரையில் நிலைமை இன்னும் இருண்டது. செய்ம்சான் இருந்தது கொலிமா பிரதேசத்தில். ஸ்டாலினின் கட்டாய உழைப்பு முகாம்களுள் மிகக் கொடியவை அங்கேதான் இருந்தன. கைதிகள் உறைபனியில் தங்கம் தோண்டினர். அவர்களின் தலைக்கு மேலாகத்தான் சுதந்திர உலகின் அன்பளிப்பு விமானங்கள் பறந்து சென்றன.

1944 மே மாதம் அமெரிக்காவின் உப ஜனாதிபதி ஹென்றி வாலஸ் இதே வழியால் சைபீரியா சென்றார். கொலிமாவின் தலைநகரான மகதானைப் பார்த்தார். அவர் வருமுன்னர் காவற்கோபுரங்கள் அகற்றப்பட்டன, கைதிகள் மறைக்கப்பட்டனர், கடைகளில் பொருட்கள் அடுக்கப்பட்டன. நல்லுடல் கொண்ட இளைஞர்களை அவருக்குச் சுரங்கத் தொழிலாளர் என்று காட்டினர். அவர் நம்பினார், நூலொன்றில் பாராட்டியும் எழுதினார். உடன் சென்ற ஆய்வறிஞர் ஓவன் லற்றிமோரும் புகழ்பெற்ற புவியியற் சஞ்சிகை ஒன்றில் அவ்வாறே எழுதினார். உண்மை வெளிவந்தபின், 1952இல், தாம் ஏமாற்றப்பட்டதை வாலஸ் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் ஒரு பத்திரிகையாளனாக எனக்குள் ஒரு கூச்சம் உண்டாகும். படையினர் ஏற்பாடு செய்த வாகனத்தில் சென்று, அவர்கள் காட்டியதைப் பார்த்து, அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்து, மாலைக்குள் செய்தி எழுதிய அனுபவம் எங்களிற் பலருக்கு உண்டு. வாலஸ் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னராவது தவறு என்று எழுதினார். எங்களில் எத்தனை பேர் எழுதினோம்?

யுத்தம் முடிந்தது. ஃபெயார்பாங்க்ஸ் கடைகளில் சப்பாத்தும் சொக்கலேற்றும் வாங்கிய சோவியத் விமானிகள் வீடு திரும்பினர். மூன்றே ஆண்டுகளில் நண்பர்கள் பகைவராயினர். வடதுருவத்துக்கு மேலான வழியே குண்டுவீச்சு விமானங்களுக்கு மிகக் கிட்டிய பாதை என்பதால், யாரும் திரும்பிப் பாராத வடக்கு இரு வல்லரசுகளுக்கும் முன்வாசலாயிற்று. இரு கரைகளிலும் ராடர்கள் எழுந்தன. 1948இல் எல்லை மூடப்பட்டது. பெரிய டயமீட்டில் வாழ்ந்த மக்கள் அப்புறப்படுத்தப்பட்டுச் சுக்கோட்காவின் பெருநிலப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். தீவில் எல்லைக் காவற்படை மட்டுமே எஞ்சியது. ஐரோப்பாவில் விழுந்தது இரும்புத்திரை. இங்கே விழுந்ததைப் பனித்திரை என்றனர். சிறிய டயமீட் மக்கள் எதிர்த் தீவிலிருந்த மாமனையும் மச்சாளையும் அதற்குப் பின் காணவில்லை. செயின்ற் லோறன்ஸ் தீவின் யூப்பிக் மக்கள், எதிர்க்கரையில் தம்மொழியையே பேசும் சுற்றத்தாரை இழந்தனர்.

அத்தீவில் 1955 ஜூன் 22இல் நடந்த ஒரு சம்பவம் அதிகம் அறியப்படாதது. நீரிணைப் பகுதியில் சுற்றுக்காவலில் ஈடுபட்டிருந்த அமெரிக்கக் கடற்படையின் நெப்டியூன் விமானமொன்றை இரு சோவியத் மிக்–15கள் சுட்டன. எஞ்சின் தீப்பற்றிய நிலையில் விமானி அதை செயின்ற் லோறன்ஸ் தீவில், கேம்பல் என்ற கிராமத்துக்கு அண்மையில், தரையில் மோதி இறக்கினார். உள்ளே 11 பேர். துப்பாக்கிச் சூட்டிலும் தீயிலும் காயமடைந்தோர் பலர். கேம்பல் கிராமத்து யூப்பிக் மக்கள் ஓடிவந்து அவர்களைத் தூக்கிச் சென்று பராமரித்தனர். 11 பேரும் உயிர் தப்பினர். சோவியத் அரசு வருத்தம் தெரிவித்து நட்டத்தில் பாதியைச் செலுத்த முன்வந்தது. பனிப்போரில் அது அபூர்வமான செயல். பத்திரிகைகள் வொஷிங்ரனும் மொஸ்கோவும் பரிமாறிய கடிதங்களை எழுதின. காப்பாற்றியவர்களுக்கு அலாஸ்கா மாநிலம் வீரப்பதக்கம் வழங்கியது 2023இல். 68 ஆண்டுகளுக்குப் பின்.

திரையில் முதற் கிழிசலை ஏற்படுத்தியவர் ஒரு பெண். 1987 ஓகஸ்ட் 7இல் லின் கொக்ஸ் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனை சிறிய டயமீட்டிலிருந்து பெரிய டயமீட்டுக்கு நீந்தினார். பனிக்கட்டியின் குளிருக்குச் சற்றே மேலான நீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், சாதாரண நீச்சலுடையில். மறுகரையில் சோவியத் அதிகாரிகள் போர்வையோடு காத்திருந்து வரவேற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் கொர்பச்சேவ் அப்பெண்ணின் துணிவைக் குறிப்பிட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு, 1988 ஜூன் 13இல், நான் நான்கு வரிகளில் அடைத்த அந்த விமானம் பறந்தது.

அதில் சென்ற முதியோர் புரொவிடேனியாவில் தங்கள் உறவினரைக் கண்டனர். இடையில் நாற்பது ஆண்டுகள். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலையிலும் மறுபக்கத்துப் பிள்ளைகள் ரஷ்யப் பாடசாலையிலும் படித்து வளர்ந்திருந்தனர். அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டனர், அம்முதியோருக்குத் தேவைப்படவில்லை. இரு கரையிலும் யூப்பிக் மொழி பிழைத்திருந்தது. மாலையில் விமானம் திரும்பிவிட்டது. ஒரு பகற்பொழுதுதான். ஆனால் அடுத்த ஆண்டே, 1989இல், இரு அரசுகளும் நீரிணையின் பழங்குடி மக்கள் விசா இன்றிச் சென்றுவர உடன்பாடு செய்தன.

இதற்குப் பின் எல்லாம் நலமாயிற்று என்று முடிக்க ஆசைதான். 2006 ஓகஸ்ட்டில் ஃபெயார்பாங்க்ஸில் அல்சிப் விமானிகளுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் அருகருகே நின்றனர். அமெரிக்க விமானியும் சோவியத் விமானியும் வெண்கலத்தில் இன்றும் அங்கே நிற்கின்றனர். ஆனால் 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பின் நீரிணை மீண்டும் அகன்றுவிட்டது. 2024 ஜூலையில் ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்களும் சீனக் குண்டுவீச்சு விமானங்களும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து அலாஸ்காவின் வான்பரப்புக்கு அருகே பறந்தன. அமெரிக்க, கனடியப் போர் விமானங்கள் எழுந்து இடைமறித்தன.

2025 ஓகஸ்ட் 15இல் ட்ரம்பும் புட்டினும் அலாஸ்காவின் அங்கரேஜ் நகர விமானப்படைத் தளத்தில் சந்தித்தனர். செங்கம்பளத்தின் இருபுறமும் போர் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவர்கள் நடக்கையில் தலைக்கு மேலாக பீ–2 குண்டுவீச்சு விமானம் பறந்தது. திரும்பும் வழியில் புட்டின், அல்சிப் பாதையில் மாண்டு அங்கே அடக்கம் செய்யப்பட்ட சோவியத் விமானிகளின் கல்லறைகளில் மலர் வைத்தார். உலகப் பத்திரிகைகள் கம்பளத்தையும் கைகுலுக்கலையும் எழுதின. கல்லறைகளுக்குக் கிடைத்தவை சில வரிகளே. எந்த உதவி ஆசிரியரையும் நான் குறை சொல்லப் போவதில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 2022 ஒக்டோபரில் இரண்டு ரஷ்யர்கள் சிறு படகொன்றில் கடலைக் கடந்து செயின்ற் லோறன்ஸ் தீவில் கரையேறினர். கட்டாயப் படைச்சேர்ப்புக்குத் தப்பி வந்ததாகக் கூறிப் புகலிடம் கோரினர். அவர்கள் இறங்கிய இடம் கேம்பலுக்கு அருகில். 1955இல் எரியும் விமானத்திலிருந்து 11 பேரைத் தூக்கிவந்த அதே கிராமம்.

இச்செய்தியை வாசித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது தலைமன்னார்க் கரைதான். அங்கிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையே மணல் தீடைகள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை கொழும்பில் ரயிலேறிக் கடல்தாண்டிச் சென்னையில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அதன் பின்னரும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. பிறகு இரவுப் படகுகள் மட்டுமே ஓடின. அக்காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு விமானங்களைப் பற்றி யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. குழந்தைகளும் ஒலியை வைத்தே ‘பொம்மர்’, ‘சகடை’, ‘ஹெலி’ என்று பிரித்துச் சொல்வார்கள். பின்னாளில் ‘கிபிர்’ வந்தது. ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய எங்களுக்கு, மேலே பறக்கும் விமானம் உறவினரைக் கொண்டுவந்து இறக்கும் என்பது நம்பமுடியாததாகவே இருந்தது. அன்றிரவு ஒப்புநோக்குநர் ஐயாவுக்கு அச்செய்தியில் விமானத்தைவிட அதிலிருந்து இறங்கியவர்கள் பெரிதாகத் தெரிந்தது இதனால்தான் என்பதைக் காலம் கடந்தே விளங்கிக்கொண்டேன்.

1990இன் தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். அவ்வாண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறினர். அவரும் போய்விட்டார், மண்டபத்தில் மகளோடு சேர்ந்துவிட்டார் என்று ஊரவர் ஒருவர் மூலம் அறிந்தேன். அதற்குப் பின் தகவல் இல்லை.

தந்தையும் மகளும் அன்று கரையில் என்ன கதைத்திருப்பார்கள் என்று சில வேளை யோசிப்பதுண்டு. அங்கே பத்திரிகையாளர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தாலும் படகுகளின் தொகையையும் வந்தோரின் எண்ணிக்கையையுமே கேட்டு எழுதியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.